1968 பான்டியாக் ஜிடிஓ: நாலரை வருடம் கேரேஜில், ஏழு வருடம் சாலையில்

2013 நவம்பரில் இந்தக் காரை வாங்கினேன். அமெரிக்காவின் மிச்சிகனில் எங்கள் வீட்டிலிருந்து இருபது மைல் தள்ளி ஒரு கொட்டகையில் நின்றது. 1968 ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ. இரண்டு கதவு, வெர்டோரோ கிரீன் என்று அவர்கள் பெயர் வைத்த கரும்பச்சை, மேலே கறுப்பு வினைல் ஒட்டிய தகரக் கூரை. விற்றவர் பானட்டைத் தூக்கி என்ஜினை ஓடவிட்டார். எட்டு சிலிண்டர், 400 கன அங்குலம், லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய ஆறரை. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகு நான் வேறு எதையும் கவனித்துப் பார்க்கவில்லை. 9,500 டாலர் கொடுத்து டிரெய்லரில் ஏற்றிவந்துவிட்டேன்.

2018 ஜூனில் கார் சாலைக்கு வந்தது. அதன் பிறகு 14,000 மைல் ஓட்டியாயிற்று. புதுப்பித்து முடித்த அன்று எடுத்த படங்கள் எங்கும் கிடைக்கும். ஆனால் ஏழு வருடம் ஓட்டிய பிறகு எது நின்றது, எது திரும்ப வந்து வேலை வாங்கியது என்று சொல்பவர்கள் குறைவு. வீட்டில் வைத்து இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். 1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் நடுத்தர அளவுக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. அதன் பிரிவான பான்டியாக்கில் ஜான் டிலோரியன் தலைமையில் இருந்த பொறியாளர்கள் 1964 மாடலில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய காரின் 389 என்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்கு வாங்குபவர் கேட்டு வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதியாகக் கொடுத்தார்கள். அதற்குத்தான் ஜிடிஓ என்று பெயர். நடுத்தரக் காரில் பெரிய என்ஜின் வைத்த மசில் கார் என்ற வகையே அங்கிருந்துதான் தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். 1966 முதல் ஜிடிஓ தனி மாடலானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாங்கும்போது இது பணத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். 1968 ஜிடிஓவின் அடையாள எண் 242 என்று தொடங்க வேண்டும். 237 என்று இருந்தால் அது லெமான்ஸ் என்ற விலை குறைந்த மாடல். பிறகு யாரோ ஜிடிஓ பட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வருடம் முதல் எண் டாஷ்போர்டில், கண்ணாடி வழியாகவே படிக்கும்படி இருக்கும். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்தில் கட்டணம் கட்டினால் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது போட்ட பில்லின் நகல் கிடைக்கும். என் காரின் எண்ணில் ஆண்டைக் குறிக்கும் 8க்கு அடுத்து 'பி' என்ற எழுத்து இருந்தது. பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் கட்டியது என்று அர்த்தம். என் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு அரை மணி நேரம். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி துருவுக்கு வருகிறேன். நாலரை வருடத்தில் இரண்டரை வருடம் போனது இதற்குத்தான்.

முதல் வாரம் வினைல் கூரையை உரித்தேன். பின் கண்ணாடியின் கீழ் ஓரத்துக்கு வந்தபோது வினைலோடு தகரமும் சேர்ந்து பிய்ந்து வந்தது. இந்தக் கார்களில் துருவுக்கு என்று ஒரு பாதை இருக்கிறது. வினைலுக்கும் தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். பின் கண்ணாடியைச் சுற்றி வரும் பளபளப்பான பட்டையைப் பிடித்திருக்கும் சின்ன ஆணிகளைச் சுற்றிப் பெயிண்ட் விடும். அங்கே ஓட்டை விழுந்தால் மழைத் தண்ணீர் நேராக டிக்கிக்குள் சொட்டும். டிக்கித் தரையில் தேங்கி, இரு பக்கமும் பின் மட்கார்டின் அடியில் இருக்கும் பள்ளத்துக்கு ஓடி, அங்கே மண்ணோடு சேறாகக் கிடக்கும். மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுவார்கள். அது கீழேயிருந்து ஏறும். ஆக மேலேயிருந்து தண்ணீர், கீழேயிருந்து உப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சக்கரத்துக்குப் பின்னால் நாலு கொப்புளம் மட்டும் தெரியும். என் காரில் அந்தக் கொப்புளங்களைச் சுரண்டினால் அரை அங்குலப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் மாவு. அதற்குப் பின்னால் தகரமே இல்லை.

என்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். பின் மட்கார்டின் அடிவிளிம்பு, பின் கண்ணாடிக்குக் கீழே, முன் மட்கார்டின் கதவோரம் என்று வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடம் பட்டி. அப்புறம் டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கெட்டுப்போன என்ஜினைப் பட்டறையில் கொடுத்தால் சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். தகர வேலைக்கு அப்படிக் கெடு சொல்ல முடியாது.

வெல்டிங் எனக்குத் தெரியாது. பழைய மட்கார்டு ஒன்றை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி மூன்று மாதம் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டரில் பழகினேன். மெல்லிய தகரத்துக்கு 0.023 அங்குலக் கம்பி. ஒரு இடத்தில் பொட்டு வைத்தால் அடுத்த பொட்டை ஓரடி தள்ளி வைக்க வேண்டும். கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகுதான் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நிறுத்தாமல் தொடர்ந்து பற்றவைத்தால் தகரம் அலை அலையாக நெளிந்துவிடும். புதிதாகச் செய்து விற்கும் பாகங்களைப் பெட்டியைப் பிரித்ததும் பற்றவைக்கவும் கூடாது. கதவையும் டிக்கி மூடியையும் மாட்டி, இடைவெளி நேராக இருக்கிறதா என்று பார்த்து, கவ்விகளில் பிடித்து, கழற்றி, மறுபடி வெட்டி, மறுபடி மாட்டி என்று போகும். வலப்பக்க மட்கார்டுக்கு ஆறு வார இறுதிகள் ஆயின. இடப்பக்கத்தை டிசம்பர் விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்கு நாளில் முடித்தேன். சக்கரத்துக்கு மேலே லேசாக நெளிந்தது. பட்டி பூசித் தேய்த்துச் சரிசெய்தேன். முடித்தபோது எதுவும் தெரியவில்லை. மூன்றாவது கோடையில் மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த இடம் தெரிய ஆரம்பித்தது. இன்றும் தெரிகிறது. வலப்பக்கம் கண்ணாடி போல நிற்கிறது.

கூரையும் பின் மட்கார்டும் சேரும் இடத்தைத் தொழிற்சாலையில் ஈயத்தை உருக்கி நிரப்பியிருப்பார்கள். அங்கே உப்புத்தாள் போட்டால் ஈயத்தூள் காற்றில் பறக்கும். நல்ல முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையோடு உள்ளே போகாதீர்கள். பெயிண்ட்டையும் அதே காரணத்துக்காக நான் வீட்டில் அடிக்கவில்லை. இக்காலத்து இரண்டு பாகப் பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. அதற்குக் காற்று வசதியுள்ள அறை வேண்டும். பிரைமர் வரை நான் செய்தேன், மேல்பூச்சுக்குப் பட்டறை.

கழற்றிய போல்ட்களைப் பைகளில் போட்டுவைத்தோம். அப்போது மகளுக்கு எட்டு வயது, தமிழ் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுக்கு என்ன எழுதணும்?" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பையிலும் எழுதினாள். "இடது கதவு மேல் கீல்", "பின் பம்பர் வலது" என்று 212 பைகள். நான்கு வருடம் கழித்து மாட்டும்போது எந்தப் பையிலும் சந்தேகம் வரவில்லை. படம் எடுத்து வைப்பதைவிட இது உதவியது, ஏனென்றால் படத்தில் நீளம் தெரியாது.

என்ஜினுக்கு வருகிறேன். நன்றாக ஓடிய என்ஜினை ஏன் பிரிக்க வேண்டும் என்று நானே யோசித்தேன். ஆயில் பானைக் கழற்றியதும் பதில் கிடைத்தது. அக்காலப் பான்டியாக் என்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயின் ஓடும் பல்சக்கரத்துக்குச் சத்தம் குறைய வேண்டும் என்று நைலான் பல் வைத்திருந்தார்கள். ஐம்பது வருடத்தில் அது பிஸ்கட் போல நொறுங்குகிறது. உடைந்த துண்டுகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். என் சல்லடையில் பாதி அடைத்திருந்தது. கொட்டகையில் கேட்ட அந்த அழகான சத்தம் இன்னும் சில நூறு மைல் போயிருந்தால் நின்றிருக்கும். பழைய பான்டியாக் வாங்கினால் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

பட்டறையில் சிலிண்டரை 0.030 அங்குலம் குடைந்து அகலப்படுத்தினார்கள். 1968ல் இதன் அழுத்த விகிதம் 10.75:1. அக்கால ஈயம் கலந்த பெட்ரோலுக்கு அது சரி. இன்றைய 93 ஆக்டேன் பெட்ரோலுக்கு வெயில் நாளில் ஏற்றத்தில் என்ஜின் டக் டக்கென்று தட்டும். குழிவான பிஸ்டன் போட்டு 9.3க்குக் கொண்டுவந்தேன். அமெரிக்காவில் 1996ல் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முழுக்க நின்றுவிட்டதால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயாமல் இருக்கக் கடினமான வளையம் வைத்தோம். ஏழு வருடத்தில் இந்த இரண்டு முடிவையும் நினைத்து ஒரு நாளும் வருந்தியதில்லை.

புது கேம் ஷாஃப்டைப் பழக்குவது தனிப் படபடப்பு. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. 2,000 சுற்றுக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும், துத்தநாகம் சேர்த்த ஆயிலோடு. அதனால் முன்பே டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி எல்லா ராக்கரிலும் ஆயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். முதல் சுற்றில் பிடித்துக்கொண்டது. மனைவி ஓடிவந்து கேரேஜ் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். இருபது நிமிடமும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எது நிற்கவில்லை? கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல். பழைய கயிற்று சீலுக்குப் பதில் ரப்பர் சீல் போட்டேன். இரண்டாவது வருடம் சொட்ட ஆரம்பித்தது. என்ஜினை மறுபடி இறக்கி, தண்டின் பரப்பை அளந்து, அதற்கேற்ற சீல் தேடிப் போட்ட பிறகு நின்றது. முதலில் அளக்காமல் போட்டதுதான் தவறு. குவாட்ராஜெட் கார்புரேட்டரும் ஒரு வருடம் வாட்டியது. ஒரு வாரம் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். அடியில் இருக்கும் சின்ன அடைப்பான்கள் வழியாகப் பெட்ரோல் மெல்லக் கசிந்து கிண்ணம் காலியாகும். எபாக்சி வைத்து அடைத்ததும் சரியாயிற்று. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். தீப்பொறிக்கான பழைய காண்டாக்ட் பாயிண்டை நான்காம் வருடம் எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே மின்னணு இக்னிஷன் வைத்தேன். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய பாயிண்ட் டாஷ்போர்டுப் பெட்டியில் இருக்கிறது.

மூடிய ஹெட்லைட் என் காரில் உண்டு. என்ஜினின் வெற்றிடத்தால் மூடிகள் திறக்கும். குழாயில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் ஒரு கண் திறக்கும், ஒரு கண் தூங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்தக் குழாய்களைப் பார்க்கிறேன். காரின் நிறத்திலேயே இருக்கும் எண்டியூரா முன் பம்பர் 1968ன் பெரிய புதுமை. அடித்தால் நசுங்காது என்று விளம்பரப்படுத்தினார்கள். அதன் மேல் பெயிண்ட் மட்டும் ஐந்தாம் வருடம் மெல்லிய கோடுகளாக வெடித்தது.

ஓட்டுவது பற்றி: 350 குதிரைத்திறன் என்பது அக்கால மொத்தக் கணக்கு, விசிறியும் சைலென்சரும் இல்லாமல் அளந்தது. ஆனால் கீழ்ச்சுற்றிலேயே கிடைக்கும் அந்த இழுவை இக்காலக் கார்களில் வேறு மாதிரி. முதல் இரண்டு வருடம் நான்கு சக்கரத்திலும் பழைய 9.5 அங்குல டிரம் பிரேக்கோடு ஓட்டினேன். ஒரு தடவை நெடுஞ்சாலையில் முன்னால் லாரி திடீரென்று நிற்க, அழுத்திப் பிடித்தேன், நின்றது. அடுத்த சிக்னலில் பெடல் இருந்தது, பிடிப்பு இல்லை. சூட்டில் டிரம் கைவிட்டுவிட்டது. அந்த வாரமே முன்பக்கம் டிஸ்க் மாற்றினோம். மனைவி உள்ளே உட்கார்ந்து, நான் அடியில் படுத்து "அமுக்கு… பிடி… விடு" என்று ஒரு மாலை முழுக்கப் பிரேக் குழாய்களில் இருந்த காற்றை எடுத்தோம். அசல் தன்மை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் காருக்கு நிற்கத் தெரிய வேண்டும்.

செலவு, காரின் விலை தவிர 34,000 டாலர். வேலை செய்த நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியே எடுப்பதில்லை. மிச்சிகனில் பழங்கார் நம்பர் பிளேட் வாங்கினால் பெரும்பாலும் காட்சிக்கும் சங்க நிகழ்ச்சிக்கும்தான் ஓட்டலாம். நான் சாதாரண பிளேட்டே வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழங்கார் ஊர்வலத்துக்கு ஒவ்வொரு வருடமும் போகிறோம். போன வருடம் அந்தச் சாலையில் மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில் இருந்தேன். அறுபதுகளில் இந்தக் கார்களைச் செய்தவர்களே இரவில் ஓட்டிப் பார்த்த சாலை அது.

போன மாதம் மூன்று நாள் மழைக்குப் பிறகு டிக்கி விரிப்பைத் தூக்கினேன். இடது மூலையில் உள்ளங்கை அளவு ஈரம். நெஞ்சு படக்கென்றது. பின் கண்ணாடிப் பட்டையைக் கழற்றி, சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன். துரு வராமல் 2015ல் தகரத்தில் பூசிய எபாக்சி அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் பூசிய மெழுகும் இருக்கிறது. அப்புறம் மகள் டிக்கிக்குள் விளக்கோடு படுத்துக்கொள்ள, நான் மூடிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினேன். "அப்பா, இடப்பக்க ரப்பர்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மூடியின் ரப்பர் ஒரு மூலையில் அமுங்கிப்போயிருக்கிறது. புது ரப்பருக்குச் சொல்லியாயிற்று. விரிப்பு காய்ந்துகொண்டிருக்கிறது.