துளை போட்டு வெல்டிங் தகைவு அளக்கும் கருவி: நாலு வருஷம் கழித்து

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலை. கடலூர் சிப்காட் பக்கம் போகும் தொட்டிகள்தான் அதிகம். வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த பிளேட் விடாது, அந்த இழுபறி தகைவாக (ஸ்ட்ரெஸ்) உள்ளேயே தங்கிவிடும். இரும்பு டிகிரிக்கு, மீட்டருக்கு 12 மைக்ரான் விரியும். 100 டிகிரி வித்தியாசத்தை முழுக்கத் தடுத்தாலே 240 மெகாபாஸ்கல் வந்துவிடும், மைல்ட் ஸ்டீல் நிரந்தரமாக நெளிய ஆரம்பிக்கும் அளவே (ஈல்டு) 250தான்.

இதை அளக்க மூன்று ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் மெல்லிய பட்டை) சேர்ந்த ரோசெட்டை ஒட்டி, நடுவில் 2 மில்லிமீட்டர் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் விடுபடும் ஸ்ட்ரெய்னைப் படிக்க வேண்டும். கணக்கெல்லாம் இந்தத் துளைமுறைக்கான ஏஎஸ்டிஎம் இ837 தரநிலைப்படி. கருவி நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். தொல்லையெல்லாம் நம்ம ஊர் காற்றுதான். ஐப்பசி மழையில் காலையில் ஒட்டிய கேஜ் மதியத்துக்குள் ஈரம் குடித்து, துளை போடுவதற்கு முன்பே ரீடிங் நகர ஆரம்பித்துவிடும். இப்போதெல்லாம் ஹேர் டிரையரில் பிளேட்டைக் காயவைத்து, ஒட்டிய கையோடு மேல்பூச்சும் போட்டுவிடுகிறேன். கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரை தினமும் வடிக்காவிட்டால் அந்தக் காற்றில் சுழலும் டர்பைன் டிரில் போச்சு. அப்புறம் முக்கியமானது, ஒட்டும் இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது, எமரி பேப்பரால் கையால்தான் தேய்க்கணும். ஒருமுறை உதவிக்கு வந்த தம்பி அவசரத்தில் கிரைண்டரால் வழித்துவிட்டான், நாங்கள் அன்றைக்கு அளந்தது வெல்டு விட்ட தகைவை அல்ல, கிரைண்டிங் விட்ட தகைவை. ரோசெட் ஒருமுறைதான் பயன்படும், வயிறு எரிந்தது.

இதே தகைவைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் மாடலிங் கதை வேறு. கோல்டாக் என்ற ஆய்வாளர் 1984இல் சொன்ன இரட்டை நீள்கோள வெப்ப மூலத்தை (வெல்டிங் வெப்பம் பிளேட்டுக்குள் இறங்கும் வடிவம்) வைத்து ஓட்டினேன், அளவுகளை உத்தேசமாகப் போட்டேன், கலர் கலராகப் படம் வந்தது, அளந்ததோடு ஒட்டவே இல்லை. வெல்டை குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு, நைட்டால் என்ற அமிலக் கரைசலைத் தடவி, உருகிய எல்லை தெரிந்தபிறகு அதற்கேற்ப மூலத்தைத் திருத்தினேன். அப்போதுதான் வழிக்கு வந்தது. அடுக்கடுக்காகப் போடும் பல பாஸ் வெல்டில், உலோகம் நெளிய நெளிய எல்லாத் திசையிலும் ஒரேபோல் கடினமாகும் என்று கொள்ளும் ஐசோட்ராபிக் ஹார்டனிங் மட்டும் போட்டால் தகைவு ஏறிக் காட்டும், அதையும் மாற்றினேன்.

ஒரு குறை உண்டு. வெல்டை ஒட்டிய இடம்தான் நமக்கு வேணும், அங்கே தகைவு ஈல்டின் 80 சதவீதத்தைத் தாண்டினால் துளைமுறை கூட்டிக் காட்டும். 25 மில்லிமீட்டர் பிளேட்டின் நடுவில் என்ன இருக்கு என்றும் இதைக் கேட்க முடியாது, மேல் 1 மில்லிமீட்டரோடு சரி.