20 மணி நேர மார்ட்கேஜ் உரிமப் பயிற்சி: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

அமெரிக்காவில் வேறு தொழிலிலிருந்து வீட்டுக் கடன் துறைக்கு வந்து, வங்கியல்லாத கடன் நிறுவனத்திலோ புரோக்கர் அலுவலகத்திலோ லோன் ஆபிசராக (கடன் விண்ணப்பங்களைக் கையாளும் அலுவலராக) சேர விரும்புபவர், உரிமம் கேட்பதற்கு முன் 20 மணி நேரப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டின் சேஃப் சட்டம் விதித்த நிபந்தனை. மென்பொருள் சோதனைப் பணியை விட்டு இத்தொழிலுக்கு மாறும் பொருட்டு, என்எம்எல்எஸ் என்ற நாடளாவிய உரிமப் பதிவு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தின் இணையவழிப் பயிற்சியை முடித்திருக்கிறேன். மத்தியச் சட்டங்களுக்கு 3 மணி, நெறிமுறைகளுக்கு 3 மணி, வழக்கமான வகையில் அடங்காத கடன்களுக்கு 2 மணி, எஞ்சிய 12 மணி விருப்பப் பாடங்கள் என்ற பங்கீடு எல்லா நிறுவனங்களுக்கும் பொது. ஆகவே ஒரு பயிற்சிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு கற்பிக்கும் விதத்திலும் பயிற்சி வினாக்களின் தரத்திலும்தான் இருக்கிறது.

சட்டப் பகுதியை நடத்திய ஆசிரியரைத் தயங்காமல் பாராட்டலாம். விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் கடனின் உத்தேசச் செலவுகளைச் சொல்லும் லோன் எஸ்டிமேட் அனுப்பப்பட வேண்டும். கையெழுத்துக்கு மூன்று வேலை நாள்கள் முன்பாவது இறுதிச் செலவுகளைச் சொல்லும் குளோசிங் டிஸ்குளோஷர் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். முன்னதில் வேலை நாள் என்பது அலுவலகம் திறந்திருக்கும் நாள். பின்னதில் ஞாயிறும் மத்திய அரசு விடுமுறைகளும் தவிர சனிக்கிழமை உட்பட எல்லா நாளும் கணக்கில் சேரும். வியாழக்கிழமை ஆவணம் கிடைத்தவர் திங்கட்கிழமையே கையெழுத்திடலாம் என்பதை ஆசிரியர் நாள்காட்டியை வைத்து ஒவ்வொரு நாளாக எண்ணிக் காட்டியதால், உரிமத்துக்கான தேசியத் தேர்வில் அந்த வகை வினாக்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெயர், வருமானம், சமூகப் பாதுகாப்பு எண், வீட்டின் முகவரி, அதன் மதிப்பீடு, கேட்கும் தொகை ஆகிய ஆறும் வந்து சேர்ந்த நொடியில் அது விண்ணப்பமாகிவிடுகிறது என்பதையும் அதே தெளிவோடு விளக்கினார்.

விருப்பப் பாடங்களைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கடிகாரம் ஓடுகிறது; படித்து முடித்தாலும் நேரம் தீராமல் அடுத்த பக்கம் திறக்காது. ஆள் மாறவில்லை என்று உறுதி செய்ய, மவுஸைப் பிடித்துத் திரையில் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக வரையச் சொல்கிறார்கள். என் கையெழுத்தை நானே போலி செய்வதுபோல் இருந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு என்பதால் இதற்காக நிறுவனத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வினா வங்கிக்குப் பொறுப்பு அவர்களுடையதே. ரெகுலேஷன் இசட் என்ற மத்திய விதித்தொகுப்பு எந்தச் சட்டத்தைச் செயல்படுத்துகிறது என்ற வகையிலான மனப்பாட வினாக்களே அதில் நிறைந்திருக்கின்றன. 110 டாலர் கட்டி எழுதும் தேசியத் தேர்விலோ 190 நிமிடங்களில் 120 வினாக்கள். அவற்றில் பலவும், ஒரு வாடிக்கையாளரின் சூழலைச் சொல்லி அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவை. தேர்ச்சிக்கு 75 விழுக்காடு தேவை. தவறினால் 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று முறை தவறினால் 180 நாள். தனியாக வேறொரு வினா வங்கி வாங்கித்தான் நான் தயாரானேன். அந்தச் செலவையும் பயிற்சிக் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தொழில் மாறுபவருக்கு இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு: இந்தப் பயிற்சி சட்டத்தைக் கற்றுத் தருகிறது, வேலையைக் கற்றுத் தருவதில்லை. கடன் கேட்பவருக்கு மணிக்கு 28 டாலர் சம்பளம், வாரம் 40 மணி நேரம் என்றால் மாத வருமானம் ஏறத்தாழ 4,853 டாலர் என்ற கணக்கு எளிது. அதே மனிதருக்கு ஓவர்டைம் இருந்தால் எத்தனை ஆண்டு வரலாறு வேண்டும், சொந்தத் தொழில் செய்பவரின் வரிப் படிவத்தில் தேய்மானத்தை ஏன் திரும்பக் கூட்டுகிறார்கள் என்பவையெல்லாம் ஓரிரு பக்கங்களில் ஓடிவிடுகின்றன. உண்மையான சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் திரையில் காட்டவில்லை.

விளம்பரப் பக்கத்தில் வருமானத்தைப் பற்றி எழுதியிருக்கும் அளவுக்கு அது எப்படி வருகிறது என்று எழுதவில்லை. பெரும்பாலோருக்குக் கடன் தொகையில் ஒரு பங்குதான் கமிஷன். வட்டி விகிதத்தைக் கூட்டி விற்றுக் கமிஷனைக் கூட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. கடன் வழங்கப்படாமல் நின்றுபோனால் காசும் இல்லை. வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபிரெடி மேக் நிறுவனத்தின் கணக்கின்படி 30 ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 விழுக்காடாக இருந்து 2023 அக்டோபரில் 7.79-ஐத் தொட்டது. இப்படி வட்டி ஏறும்போது, குறைந்த வட்டிக் கடனைக் கையில் வைத்திருப்பவர் அதை அடைத்துப் புதுக் கடன் வாங்கும் ரீஃபைனான்ஸ் கேட்டு வரமாட்டார். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் இதில் இறங்குவது உசிதமல்ல என்று சேர்பவரிடம் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

குறிப்பிட்ட நிறுவனத்தின் வேலைக்காகத் தரப்படும் எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் கட்டணம் கட்டுமுன் நிதானிக்க வேண்டும். பகுதி நேரமாகக்கூட இந்த வேலையைத் தொடங்க அந்த விசா அனுமதிக்காது. வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ லோன் ஆபிசராகச் சேரப் போகிறவர்களுக்கு என்எம்எல்எஸ் பதிவு மட்டும் போதும், இந்தப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமில்லை. மற்றவர்களுக்கு, சட்டப் பகுதிக்காக மட்டும் ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன்.