கிளே தேய்க்குமுன் இரும்புத் துகளை நீக்க எது நல்லது?

திருகோணமலையில் வெள்ளை நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு நன்கு தெரிந்த தொல்லை ஒன்று உண்டு. எத்தனை முறை கழுவினாலும் பின்கதவிலும் பக்கக் கதவுகளின் அடியிலும் ஊசிமுனை அளவு செம்மஞ்சள் புள்ளிகள் போகாமல் நிற்கும். உப்புக்காற்றின் வேலை என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மையே. பிறேக் டிஸ்க்கிலிருந்து சூடாகத் தெறிக்கும் இரும்புத் தூளும், தண்டவாளத்துக்கு அருகில் பறக்கும் தூளும், கிரைண்டர் பொறியும் பெயின்ற்றின் மேலுள்ள நிறமற்ற காப்புப் படலமான கிளியர் கோட்டில் பதிந்துவிடுகின்றன. உப்பு கலந்த ஈரம் அவற்றை விரைவில் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால் துகள் இன்னும் இறுகிக்கொள்கிறது. கழுவித் துடைத்த காரின் மேல், கையைச் சொப்பிங் பைக்குள் விட்டு மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும்.

இதற்கு நம்மவர்கள் கையாளும் வழிகள் மூன்று: ஒட்டிய துகளைப் பிடித்து இழுக்கும், பிசையக்கூடிய களித்துண்டான கிளேயை நேரே தேய்ப்பது, ஒட்சாலிக் அமிலக் கரைசல் பூசுவது, தயோகிளைக்கோலேட் கலந்த ஸ்பிரே அடிப்பது.

கிளே மட்டும் தேய்ப்பதில் செலவு குறைவு, மணமும் இல்லை. ஆனால் கிளே, பெயின்ற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் பிடித்து இழுக்கும்; உள்ளே இறங்கிய வேர் அங்கேயே இருந்துவிடும். கையால் தடவினால் கண்ணாடிபோல் வழுக்கும், ஆனால் சில கிழமைகளில் அதே இடத்தில் அதே புள்ளி மறுபடி எழும். அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. கிளேயில் ஒட்டிய இரும்புத் துகள் அடுத்த இழுப்பில் பெயின்ற்றைக் கீறும். பெரும்பாலும் 50 மைக்ரோன் அளவே இருக்கும் கிளியர் கோட்டில் விழும் அந்தக் கீறலைப் பொலிஷ் போட்டு நீக்குவதும், அந்தப் படலத்தைச் சிறிது தேய்த்துக் குறைப்பதாகவே முடியும்.

ஒட்சாலிக் அமிலம் மலிவானது, பழைய துருவையும் கரைக்கும். ஆயினும் நமது ஊரில், வீட்டு முற்றத்தில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோலையும் கண்ணையும் சுடும். உள்ளே போனால் நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. அத்துடன் கல்சியம் மிகுந்த கிணற்று நீரில் கழுவும்போது, அமிலம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத வெள்ளைப் படிவாக மாறும். துருவை நீக்கப்போய் வெண்படலத்தை வாங்கிக்கொள்வதாகவே அது முடியும்.

தயோகிளைக்கோலேட் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை அமிலமும் காரமும் அல்லாத நடுநிலையை ஒட்டியவை; கூந்தல் சுருட்டும் திரவங்களிலும் இதே வகைச் சேர்மம் இருப்பதால் அந்த அழுகிய முட்டை நாற்றம் சிலருக்குப் பழக்கமானதாக இருக்கும். இரும்போடு பிணைந்து அதை நீரில் கரையும் சேர்மமாக மாற்றுவதால், கிளே எட்டாத வேரிலும் இது வேலை செய்யும். அடித்துச் சிறிது நேரத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு கசிந்து வழிவதைக் காணலாம். விலை கூடியது என்பது உண்மை. ஆனால் கார் முழுவதும் நனைக்கத் தேவையில்லை. சில்லுகளுக்குப் பின்னாலுள்ள பகுதி, பின்கதவு, கதவுகளின் அடி ஆகியவற்றுக்கு முதலில் அடித்து, நிறம் மாறாத இடங்களை விட்டுவிடலாம்.

எனது தெரிவு இதுவே, ஆனால் சில கட்டுப்பாடுகளோடு. முதலில் உப்பையும் மணலையும் நிறைய நீரூற்றிக் கழுவ வேண்டும். கச்சான் காலத்தில் காலை எட்டு மணிக்கே பொனட் சுட்டுவிடும் என்பதால், விடிந்தவுடன் நிழலில், பெயின்ற் குளிர்ந்திருக்கும்போது அடித்து, மூன்று முதல் ஐந்து நிமிடங்களில், காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். இரண்டாம் முறை அடிக்கும்போது நிறம் வரவில்லையென்றால் அந்த இடத்தில் வேலை முடிந்தது. கறுப்புக் காரில் இந்த நிறம் தெளிவாகத் தெரியாது, அங்கு சொப்பிங் பையைத்தான் நம்ப வேண்டும்.

இதனால் ஆகாதவையும் உண்டு. தார் அசையாது, சீனக்குடாப் பக்கம் ஓடும் வாகனங்களில் படியும் சிமெந்துத் துகளும் அசையாது. பெயின்ற் கொப்பளித்து எழுந்திருந்தால் துரு தகட்டின் அடியிலிருந்து வருகிறது. அதற்கு ஸ்பிரேயும் வேண்டாம், கிளேயும் வேண்டாம், பெயின்ற் வேலை செய்பவரிடம்தான் காட்ட வேண்டும்.

முன்பு ஸ்பிரே இல்லாமல் எனது காரைத் தேய்த்தபோது, பாதிப் பொனட் முடிவதற்குள் கிளேயின் முகம் முழுவதும் பழுப்புத் துகள்கள் குத்தி நின்றன. அந்தத் துண்டை எறிந்துவிட்டு வேறொன்று எடுத்தேன். அடுத்த ஆண்டு ஸ்பிரே அடித்துக் கழுவிய பின் தேய்த்தேன். அதே அளவுத் துண்டொன்று, இடைக்கிடை மடித்துப் பிசைந்ததோடு, முழுக் காருக்கும் போதுமாயிற்று.