சுவருக்கு இந்தப் பக்கம்: அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் ஆட்டத்தில் ஒரு மாலை

முதலில் இருக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டி மாய்ன் நகரின் கேஸீஸ் சென்டரில் (2025 வரை வெல்ஸ் ஃபார்கோ அரீனா), பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்கு அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் கீழ்வரிசையில், ஆடுகளத்தின் மூலையை ஒட்டி உட்காருங்கள். மேல் அடுக்கில் டிக்கெட் மலிவுதான், பந்தும் நன்றாகத் தெரியும். ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர் சுவரில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் அது வெறும் விளம்பரப் பலகை.

கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்த வடிவம் இது. வழக்கமான 100 கஜம் இங்கே 50 கஜமாகிறது. அகலம் 85 அடி. பக்கத்துக்குப் பதினொருவருக்குப் பதிலாக எட்டுப் பேர். பக்கவாட்டு எல்லையில் கோட்டை ஒட்டியே மெத்தை கட்டிய சுவர் நிற்கிறது. குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடும் அதே அரங்கு, அதே பலகைச் சுவர். 2018 மே மாதத்தில் என் ஒன்பது வயது மகளுடன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரணி கிரீன் பே பிளிசார்ட். இரண்டாம் கால்பகுதியில் பந்தைப் பிடித்த ஒருவர் எங்கள் முன்னால் சுவரில் மோதி, இடுப்புவரை இந்தப் பக்கம் சாய்ந்து, பந்தை விடாமல் எழுந்தார். அவர் மூச்சு வாங்கியது எங்களுக்குக் கேட்டது. பெரிய மைதானங்களில் எத்தனை டாலர் கொடுத்தாலும் இந்த நெருக்கம் கிடைக்காது.

நான் இங்கே திரும்பத் திரும்பப் போவதற்கு இன்னொரு காரணம் அணியின் வரலாறு. ஜிம் ஃபோஸ்டர் அயோவாக்காரர். 1981 பிப்ரவரியில் நியூயார்க்கில் உள்ளரங்கு சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த பழுப்பு உறையின்மீது இந்தக் களத்தை வரைந்தார். 1987இல் நான்கு அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக் பிறந்தது. 1995இல் தன் மாநிலத்துக்கே ஓர் அணியைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போருக்குப் பின் பழைய விமானங்களை வாங்கி ஊர் ஊராகப் பறந்து, வயல்களில் இறங்கி வித்தை காட்டிய விமானிகளுக்கு பார்ன்ஸ்டார்மர்கள் என்று பெயர். அதனால்தான் வீரர்களின் தலைக்கவசத்தில் விமானியின் கண்ணாடி வரையப்பட்டிருக்கிறது. நான் பார்த்த விளையாட்டுச் சின்னங்களிலேயே அழகானது அதுதான்.

அந்த முதல் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், கர்ட் வார்னர். 1994இல், பெரிய மைதானத்தில் ஆடும் தேசிய லீக்கான என்எஃப்எல்லின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமிலிருந்தே அனுப்பிவிட்டது. சீடர் ஃபால்ஸ் ஊரின் ஹை-வீ மளிகைக் கடையில், மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு, இரவு நேரத்தில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். நாங்களும் வாரச் சாமானை ஹை-வீயில்தான் வாங்குகிறோம். பால் வைக்கும் அலமாரிக்கு முன்னால் நின்று மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு அவர் மூன்று பருவங்கள் ஆடினார். இரண்டு முறை அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனார். 1996இல் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையிலேயே டாம்பா பே ஸ்டார்மிடம் 42–38 என்று தோற்றார்கள். நான்கே புள்ளிகள்! மறு ஆண்டு அரிசோனா ராட்லர்ஸிடம் 55–33. 2000 ஜனவரியில் அதே வார்னர் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்காக, என்எஃப்எல் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் மொத்தம் 414 கஜம் பந்து வீசி, கோப்பையையும் ஆட்ட நாயகன் விருதையும் வென்றார். நெருக்கமான களத்தில், நொடிக்குள் முடிவெடுத்துப் பழகிய கை அது. இங்கே ஓர் ஆட்டம் பார்த்தால் அது எப்படி என்று புரிந்துவிடும். அவருடைய 13ஆம் எண்ணை இந்த அணி இப்போது யாருக்கும் தருவதில்லை.

2000 பருவத்தோடு அணி கைமாறி நியூயார்க்குக்குப் போய் டிராகன்ஸ் ஆனது. அதே பெயரில் இரண்டாம் நிலை லீக்கில் ஓர் அணி 2001இல் ஒரு பருவம் ஆடியது. பிறகு 2008 வரை ஒன்றுமில்லை. அந்த ஆண்டு பெயர் திரும்பியது. 2010இல் மேல் நிலையான அரீனா ஃபுட்பால் லீக், 2015 முதல் இன்டோர் ஃபுட்பால் லீக். நியூயார்க்குக்குப் போன அணியோ 2008க்குப் பிறகு ஆடவே இல்லை. லீக்குகள் மாறியும் பெயர் இந்த ஊரிலேயே நிலைத்ததை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. 2018 கோடையில் பார்ன்ஸ்டார்மர்ஸ் சியூ ஃபால்ஸ் ஸ்டார்மை வென்று முதல் பட்டத்தை எடுத்தார்கள்.

ஒரே ஒரு ஏக்கம். பழைய அரீனா லீக்கில் கோல் கம்பங்களின் இருபுறமும் வலைகள் தொங்கும். வலையில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் சேர்த்தி. எதிர்வீட்டுச் சுவரில் பட்ட பந்தைப் பிடித்தாலும் அவுட் என்று தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அந்த விதி உடனே பிடித்துப்போகும். இப்போதைய லீக்கில் வலை கிடையாது. பழைய பதிவுகளில்தான் பார்த்தேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். டிக்கெட்டை அரங்கின் சாளரத்திலேயே வாங்குங்கள். மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கி, கட்டணத்துக்குமேல் கட்டணம் கொடுத்து ஒருமுறை ஏமாந்தேன். காரை நகர மையத்தில் நிறுத்திவிட்டு, கட்டடங்களை இணைக்கும் ஆகாய நடைபாதை வழியாகவே வரலாம். மே மாதத்திலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் தேவை. சத்தம் மிக அதிகம், கைக்குழந்தை வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் எங்களைக் களத்துக்குள் விட்டார்கள். ஆட்டத்துக்குச் சில நூறு டாலர் மட்டுமே வாங்கும் அந்த வீரர்கள், வியர்வை காயாமல் நின்று கடைசிக் குழந்தைவரை கையெழுத்துப் போட்டார்கள். சுவரில் மோதியவரிடம் என் மகள் போய், "வலிக்கவில்லையா?" என்று கேட்டாள். "நாளைக் காலையில் வலிக்கும்," என்றார் அவர். தலைக்கவசத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அந்த விமானிக் கண்ணாடியை அவள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெளியே வந்தால் பக்கத்திலேயே பழைய வெட்டரன்ஸ் அரங்கம். வார்னர் ஆடிய இடம். இப்போது மாநாட்டுக் கூடம். அடுத்த பருவத்துக்கு அதே மூலையில், மூன்றாவது வரிசையில் இருக்கை கேட்டிருக்கிறேன். இந்த முறை மனைவிக்கும் சேர்த்து மூன்று.