பெயர்க் கட்டத்தில் ஒரு சாய்கோடு: நான்கு விதப் பதில்கள்

சிங்கப்பூரில் துணைப்பாட வகுப்புக்கோ கோயில் அர்ச்சனைக்கோ இணையப் படிவம் தயாரிப்பவர்கள் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது பெயர்க் கட்டத்தைத்தான். நம்மில் பலருக்கு ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) இருக்கிறது. பல படிவங்கள் அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் முரண்டு பிடிக்கும்.

“பெயர் செல்லாது” என்பது ஒரு வகைச் செய்தி. அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்த பெயர் எப்படிச் செல்லாமல் போகும்? விதியை அரைகுறையாக எழுதியது நிரலாளர், திட்டு வாங்குவது படிவத்தை நிரப்பும் அப்பாவி அத்தை.

“மன்னிக்கவும், தயவுசெய்து சரியான பெயரை எழுதவும்” என்பது அடுத்த வகை. பணிவு இருக்கிறது, விஷயம் இல்லை. பிழைச் செய்தியில் ப்ளீஸும் ஸாரியும் வேண்டாம் என்றுதான் பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும் சொல்கிறது.

“சாய்கோடு இல்லாமல் எழுதுங்கள்” எவ்வளவோ மேல். என்ன செய்வதென்று உடனே புரிகிறது. ஆனால் அப்புறம் ஐசியோடு ஒப்பிடும்போது பெயர் பொருந்தாது.

என் ஓட்டு நான்காவதற்கு: பேசாமல் சாய்கோட்டை ஏற்றுக்கொள்வது. தொலைபேசி எண்ணுக்கும் இதே கதைதான். நடுவில் இடம் விட்டாலும் முன்னால் +65 போட்டாலும், அதை நீக்கி 8 இலக்கங்களை எடுத்துக்கொள்ள நிரலுக்கு ஒரு வரி போதும்.

சரி, நிஜமாகவே பிழை என்றால்? “அஞ்சல் குறியீட்டுக்கு 6 இலக்கங்கள் வேண்டும், இதில் 5 இருக்கின்றன” என்று எண்ணிச் சொல்லலாம். ஐசி எண் கொஞ்சம் நுணுக்கமானது. அதன் கடைசி எழுத்து, முன்னால் உள்ள இலக்கங்களைக் கணக்கிட்டு வருவது. கணக்கு உதைத்தால் எங்கோ பிசகு என்று தெரியும், எந்த இடத்தில் என்று தெரியாது. அதனால் “கடைசி எழுத்து தவறு” என்று அடித்துச் சொல்வது பொய்யாகிவிடலாம். “எண்ணும் எழுத்தும் பொருந்தவில்லை, அட்டையைப் பார்த்துச் சரிபாருங்கள்” என்பதே நேர்மை.

எப்போது சொல்வது? முதல் இலக்கத்தைத் தட்டியதுமே சிவப்பாகக் கத்தும் படிவம் எனக்கு ஆகாது. கட்டத்தை விட்டு நகர்ந்தபின் சொன்னால் போதும். கடைசியில் மொத்தமாகச் சொன்னாலும் பரவாயில்லை, நிரப்பியதை எல்லாம் அழிக்காமல் இருந்தால்.