4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அம்மாவின் முகத்தையே மாற்றிவிட்டார்கள்: சின்னப் படத்தைப் பெரிதாக்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

கோபம் இன்னும் ஆறவில்லை. பழைய படங்களை "8கே" தரத்தில் பெரிதாக்கித் தருவதாக ரீல்ஸில் விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் சேவை 4,800 ரூபாயை விழுங்கிவிட்டது. திவசம், அறுபதாம் கல்யாணம் என்று தேதி நெருங்கும்போது படத்தைக் கொடுப்பவர்கள்தான் இவர்களிடம் மாட்டுகிறார்கள்.

கொடுத்தது அம்மாவின் பாஸ்போர்ட் சைஸ் படம். பிரிண்ட் தொலைந்துவிட்டது. ஆன்லைன் விண்ணப்பத்துக்காக 50 கேபிக்குள் சுருக்கிய ஜேபெக் மட்டும்தான் மிச்சம்: 413 × 531 பிக்சல். 16 × 20 அங்குல ஃபிரேமுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 4800 × 6000 பிக்சல் வேண்டும். அகலத்திலும் உயரத்திலும் பதினோரு மடங்குக்கு மேல்! இவ்வளவு தூரம் இழுத்தால் எந்த மென்பொருளும் இல்லாததைக் கற்பனை செய்துதான் நிரப்பும். அதனால்தான் கையால் ரீடச் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேட்டேன். "எல்லாம் ஹேண்ட் ஒர்க்தான் சார்" என்றார்கள்.

நம்பிக்கை வந்தது ஒரே ஒரு கேள்வியால். "அம்மா போட்டிருக்கிறது ஒத்தக்கல் மூக்குத்தியா, எட்டுக்கல் பேசரியா சார்?" அந்தப் படத்தில் மூக்குத்தி நாலைந்து பிக்சல் வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். அதைப் பார்த்து இப்படிக் கேட்பவர் தொழில் தெரிந்தவராகத்தானே இருக்க வேண்டும்? பேசரி என்றேன். முழுப்பணம் 4,800 ரூபாயும் அப்போதே ஜிபேயில் போனது.

வந்த படத்தில் மூக்குத்தியே இல்லை.

கோப்பில் 4800 × 6000, 300 டிபிஐ என்றெல்லாம் சரியாகவே இருந்தது. அந்த எண்களை யாரும் நொடியில் மாற்றலாம், தெளிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திரையில் 100 சதவீத ஜூமில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஜேபெக் சுருக்கம் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. முதலில் அந்தக் கட்டங்களைத் தணிக்காமல் அப்படியே இழுத்ததில் புடவைக் கரையில் 90 பிக்சல் அகலச் சதுரங்கள். அதன் மேல் ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனைக் கண்டபடி போட்டதில் தோள் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. முகத்தை மட்டும் ஏஐ முக மீட்புக் கருவியில் தள்ளியிருக்கிறார்கள். ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்றவை ஃபிளிக்கரில் திரட்டிய 70,000 முகப்படங்களில் பயின்றவை. மங்கலான கண் கிடைத்தால், அந்த முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஒரு கண்ணை வரைந்துவிடும். மூக்குத்தி அதற்கு அழுக்குப் புள்ளி. ஃபோனில் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். வீட்டார் பார்த்தால் "இது யாரு?" என்பார்கள்.

சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில், வந்த படத்தை மறுபடி அசல் அளவுக்கே சுருக்கி, அசலின் மேல் லேயராக வைத்து, டிஃபரன்ஸ் மோடு போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் கறுப்பாகவும், வேறுபடும் இடம் வெளிச்சமாகவும் தெரியும். நேர்மையாகப் பெரிதாக்கியிருந்தால் திரை கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். இங்கே கண், மூக்கு, உதடு மூன்றும் வெளுத்துத் தெரிந்தன.

அந்த ஸ்கிரீன்ஷாட்டையே அனுப்பினேன். முதல் பதில்: "உங்க மானிட்டர்ல கலர் சரியில்ல சார்." அடுத்து: "பிரிண்ட் போட்டா சரியா வரும்." பிறகு: "ஒரிஜினலே மோசம், நாங்க என்ன பண்றது?" மோசம் என்று தெரிந்துதானே 4,800 ரூபாய் கேட்டீர்கள்! "ரிவிஷனுக்கு 1,200 தனி." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "டிஜிட்டல் ஆர்டருக்கு ரீஃபண்ட் இல்ல, டெர்ம்ஸ் படிங்க." அப்புறம் நீல டிக் மட்டும். கடைசியில் பிளாக்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

வாட்ஸ்அப்பில் படத்தை போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். முதலில் ஜேபெக் கட்டங்களைத் தணித்து, பிறகு இரண்டு மடங்கு, சரிபார்த்து இன்னொரு இரண்டு மடங்கு. ஷார்ப்பன் கடைசியில், அச்சு அளவுக்கு வந்த பிறகு மட்டும். முக மீட்புக் கருவி போட மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். கோட்ஃபார்மர்தான் என்றால், அசல் முகத்தை எவ்வளவு ஒட்டிப்போக வேண்டும் என்பதற்கு அதில் 0 முதல் 1 வரை இருக்கும் அளவை 1-க்கு அருகில் வைக்கச் சொல்லுங்கள், 0-வை நெருங்க நெருங்க ஆள் மாறிவிடும். 413 × 531 படத்தை நாலு மடங்காக்கினால் 1652 × 2124. 200 டிபிஐயில் 8 × 10 அங்குலம் தாராளமாக வரும். அதற்கு மேல் உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். சாம்பிளை ஃபோனில் பார்த்துத் தலையாட்டாமல், முகப் பகுதியை முழு அளவில் வாங்கி 4 × 6 தாளில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். முழுப்பணம் முன்கூட்டியே வேண்டாம்.

சாட், பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, இணைய மோசடிக்கு 1930. இரண்டிலும் சொல்லியாயிற்று. 4,800 ரூபாய் இன்னும் வரவில்லை.