பழைய கொலிஸ்டினா, புதிய செஃபிடெரோகோலா?

வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா தொற்றோடு உறவினர் உள்ளே படுத்திருக்க, பினாங்கில் ஐசியூ வாசலில் நிற்கும் நம்மவர்கள், "புது மருந்து இல்லையா டாக்டர்?" என்று கேட்பது நியாயம்தான்.

இத்தகைய தொற்றுக்குத் தரப்படும் பழைய ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டின் 1940களில் கண்டுபிடிக்கப்பட்டது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வையே கிழிக்கும். சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இனிப்புநீர் உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகோலின் வழியே வேறு. பாக்டீரியாவுக்கு இரும்பு வேண்டும். இந்த மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு, அது நுழையும் வழியாகவே உள்ளே போய், செல்சுவர் கட்டுவதைத் தடுக்கிறது. எவ்வளவு அழகான யோசனை! விலைதான் அதிகம். அப்புறம், அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா தொற்றில் ஓர் ஆய்வில் இம்மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. அந்தக் கிருமி என்றால் நான் தயங்குவேன். வேறு கிருமி, சிறுநீரகமும் பலவீனம், கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) முடிவும் ஒத்துவருகிறது என்றால், புதியதைத்தான் கேட்பேன்.